சித்தப்பாவை மறுபடியும் சூடாக்குவது குறித்து

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள சித்தப்பா மணிவண்ணன் அவர்களுக்கு, கரியமாணிக்கத்திலிருந்து தங்கள் அண்ணன் மகன் இளங்கோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் கரும்பும் நலம். திருபுவனையில் தாங்களும் சித்தியும் நலமா? குடும்ப குரூப்பிலிருந்து தாங்கள் வெளியேறிவிட்டதால் தாளில் எழுத வேண்டியதாயிற்று.

விஷயம் கார்பனடைட் என்னும் பாறையைப் பற்றியது. மடித்து வைத்துவிடாதீர்கள், நம் குடும்பம் அதற்குள்தான் இருக்கிறது. பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு கடும் சூட்டில் இருக்கும்வரை எல்லாம் ஒன்றாகவே கிடக்கும். ஆறத் தொடங்கினால்தான் வினை. சிலிக்கா மிகுந்தது ஒரு பக்கம், கார்பனேட் மிகுந்தது ஒரு பக்கம் என்று எண்ணெயும் தண்ணீரும் போலச் சொட்டுச் சொட்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த கார்பனேட் மேலேறி இறுகினால் கார்பனடைட். அது உருவாக வேறு வழிகளும் உண்டாம், வீடியோவில் சொன்னார்கள். ஆனா நீங்களும் அப்பாவும் இந்த வழிதான் சித்தப்பா, எனக்குச் சந்தேகமே இல்ல.

மோட்டார் தண்ணி யாருக்கு முதல்லன்னு தினமும் வாய்க்கா மேல நின்னு கத்துவீங்களே, அப்ப ஒரே குழம்பு. கத்தி முடிச்சு ஒரே பைக்ல டீ குடிக்கப் போவீங்க. நீங்க கம்பெனி வேலைக்குப் போனதும் சண்டை நின்னுச்சு, ரெண்டு பேரும் மரியாதையா ஆறிட்டீங்க. சித்தப்பா போன் பண்ணாராப்பான்னு கேட்டா, "அவருக்கு வேல இருக்கும்பா"ன்றாரு அப்பா. கூடப் பொறந்த தம்பிய அவருன்னு சொல்றவர எங்கனா பாத்துருக்கீங்களா? வைஜெயந்தி அக்கா கல்யாணப் பத்திரிகைய, தட்டுல வெச்சு நேர்ல குடுக்க வேண்டியத, கூரியர்ல அனுப்புனாரு. நீங்க வூட்டுக்கு வந்து அத மூஞ்சில விட்டெறிவீங்கன்னு நான் ஆசையா வாசல்ல நின்னா, குரூப்ல "மனமார்ந்த வாழ்த்துகள்"னு போட்டுட்டுப் போய்ட்டீங்க. "சித்தப்பன் இல்லாம இன்னாடா கல்யாணம்"னு அம்மா அழுவுது.

அதனால அறிவியல்படி ஒரே வழிதான். வந்து அப்பாவத் திட்டுங்க. கூரியர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். சமாதானம் மட்டும் பேசிடாதீங்க, இன்னும் ஆறிடும்.

சித்திக்கு என் வணக்கம். தங்கள் ஆசியையும் கோபத்தையும் ஒருசேர வேண்டும்,
இளங்கோ

பி.கு.: ஸ்டாம்புக்குக் காசு கேட்டேன், அப்பா புடுங்கிப் படிச்சுட்டாரு. "பத்தாவதுல சயின்ஸ் ஃபெயிலானவனுக்குப் பாறையப் பத்தி எழுதறியா? குரூப்ப வுட்டுப் போற அளவுக்குப் பெரிய ஆளாயிட்டானா அவன்? நானே போய்க் கேக்கறேன்"னு வெளிய பைக்க ஒதைச்சுக்கினு இருக்காரு, அதுக்குள்ள இத எழுதறேன். நீங்க வர வேணாம். லெட்டரும் அவர் பாக்கெட்லதான் வருது. பையில தட்டும் பழமும் இருக்கு, பாக்காத மாதிரியே கதவத் தொறங்க. அவன்னு சொன்னாரு, சித்தப்பா.