முறுவல் நாட்டில் பல்வலி ஒழிந்த கதை

வரைபடத்தில் சரியாக மடிப்பு விழும் இடத்தில் இருந்ததால் பிற நாட்டார் கண்ணில் அதிகம் படாமல் போன நாடு, முறுவல் நாடு. அங்கே ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மக்களே அரசரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் இன்முக வர்மரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த இன்முக வர்மருக்கு ஒரு நாள் பல் வலித்தது.

அரண்மனைத் தலைமைப் பல் வைத்தியர் தணிகாசலம் மூன்று நாள் பார்த்தார். கிராம்புத் தைலம் வைத்தார். ஈறைக் கீறினார். நான்காம் நாள், "பிடுங்கிவிடலாம், பிரபு" என்றார். அரசரின் சிரிப்பு நாணயத்தில் இருந்தது, தபால் தலையில் இருந்தது, பள்ளிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. அதில் ஓட்டை விழுவதா? மந்திரி பேரானந்தர் பதறிப்போய், உவர்மலைப் பக்கம் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பல் பார்க்கும் மருக்கொழுந்து என்ற பெண்ணுக்கு ஆள் அனுப்பினார்.

தணிகாசலத்துக்கு அவளைத் தெரியும். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. தேர்வில் அவர்தான் முதலாவது, அவள் பதினேழாவது. ஆனால் மாணவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பழகும் நாட்களில் எல்லோரும் அவளிடம்தான் போய் நிற்பார்கள். முதல் மாணவர் கையில் கருவியோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவள் வந்தாள். சொத்தையைச் சுரண்டினாள், வேரைச் சுத்தம் செய்தாள், அடைத்தாள். "எப்போது தொடங்கப் போகிறாய்?" என்று அரசர் கேட்டார்.

"முடிஞ்சுதுங்க. ரெண்டு மணி நேரத்துக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க."

என்ன பரிசு வேண்டும் என்றதற்கு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க பக்கம் தண்ணியில கோளாறுங்க. அதைக் குடிச்சுக் குடிச்சு புள்ளைங்க பல்லெல்லாம் காவியேறிப் போவுது. நல்ல தண்ணி குடுத்தீங்கன்னா போதும்."

"பரிசீலிக்கப்படும்" என்றார் பேரானந்தர்.

அரசர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சபை நடுவே சிரித்தார். "பார்த்தீரா தணிகாசலம்? வலியே தெரியவில்லை!"

அந்தப் 'பார்த்தீரா' தணிகாசலத்தின் நெஞ்சில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. சாப்பிடும்போது குத்தியது. தூங்கப் போனால் குத்தியது. யாராவது யாரையாவது பார்த்தீரா என்று கேட்டாலே அவர் முகம் கறுத்தது.

ஒரு மாதம் யோசித்து ஓர் ஆணை வரைந்துகொண்டு போனார். பல் பார்ப்பவர் எவராயினும், நோயாளி அமரும் இருக்கை நான்கு ஆள் சேர்ந்து தூக்கினாலும் அசையாததாக இருக்க வேண்டும். இல்லையேல் வைத்திய முத்திரை பறிக்கப்படும்.

"இது எதற்கு?" என்று பேரானந்தர் கேட்டார்.

"தரம், மந்திரியாரே. ஆடுகிற இருக்கையில் தரம் எப்படி நிலைக்கும்?"

பேரானந்தருக்கு அது புரியவில்லை. புரியாத ஆணைகளில் ஆழம் அதிகம் என்பது அவர் அனுபவம். கையெழுத்திட்டார்.

அத்தனை கனமான நாற்காலியை எந்த வண்டி தாங்கும்? மருக்கொழுந்தின் வண்டி மட்டுமல்ல, நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த எண்பது பல் வண்டிகளும் நின்றுபோயின. வலி வந்தவர்கள் இரண்டு நாள் நடந்து தலைநகருக்குப் போனார்கள். நடக்க முடியாதவர்கள் சந்தையில் கத்தி சாணை பிடிப்பவனிடம் வாயைத் திறந்தார்கள். அவன் ஒரே கொக்கியை எல்லார் வாயிலும் விட்டான். சடையன் என்ற குயவர் தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, மூச்சு அடைத்து ஐந்தாம் நாள் போய்ச்சேர்ந்தார். அந்த ஆண்டு அறிக்கையில் பேரானந்தர் பெருமிதத்தோடு எழுதினார்: "பல் வைத்தியர்கள் மீதான புகார்கள் கிராமங்களில் அறவே ஒழிந்தன."

இதற்குள் மருக்கொழுந்து வண்டியை விற்றுவிட்டு, மலையடிவாரத்தில் ஒரு பாறைமேல் நோயாளிகளை உட்காரவைத்துப் பல் பார்க்க ஆரம்பித்திருந்தாள். அந்தப் பாறையை நாற்பது ஆள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. ஆணையில் இருக்கை என்றுதான் இருந்தது, பாறை கூடாது என்று இல்லை.

செய்தி கேட்டதும் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. அவள் தப்பித்ததுகூடப் பெரிதில்லை. அத்தனை எளிய யோசனை தனக்குத் தோன்றாமல் போயிற்றே என்பதுதான் அவரை அரித்தது. ஓர் ஒற்றரை அனுப்பினார். ஒற்றர் திரும்பிவந்து, வரிசை ஓடை வரைக்கும் நிற்கிறது என்றார்.

"என்னைப் பற்றி என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

ஒற்றர் மறைக்கிறார் என்று நினைத்து அவரை மாற்றினார். அடுத்த ஒற்றரும் அதையே சொன்னார். அவரையும் மாற்றினார்.

தேர்தல் நெருங்கியது. வலியைப் போக்குகிறவளை வெல்ல வேண்டுமானால் அழகையே கொடுத்துவிட வேண்டும் என்று தணிகாசலம் முடிவு செய்தார். வெண்சிப்பித் திட்டம் பிறந்தது. முன்பற்கள் ஆறையும் அராவி, மேலே முத்துச் சிப்பி ஓட்டின் துண்டுகளை ஒட்டுவது. அனைவருக்கும் இலவசம்.

"பின்பற்கள்?" என்று அரசர் கேட்டார்.

"அவை வெளியே தெரிவதில்லை, பிரபு."

உவர்மலைத் தண்ணீர் பற்றிய பழைய மனுவையும் அன்றைக்கே முடித்துவைத்தார் பேரானந்தர். "கறையே தெரியாதபோது தண்ணீரில் என்ன குறை?"

ஆரம்பத்தில் மக்களுக்குச் சந்தோஷம்தான். காவிப் பல்லைக் கையால் மறைத்தே பேசிப் பழகிய பெண்கள் முதல்முறையாகக் கண்ணாடி பார்த்தார்கள். ஒரு மாதத்தில் அராவிய பற்கள் தங்கள் வேலையைக் காட்டின. தண்ணீர் பட்டால் கூசியது, காற்றுப் பட்டால் சுரீரென்றது, சிப்பிக்கடியில் ஈறு சீழ் வைத்தது. சிப்பி தடிமனாக இருந்ததால் உதடும் மூடவில்லை. நாடே பகலும் இரவும் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தது.

பேரானந்தர் இதில் ஒரு வசதியைக் கண்டார். வாக்குப் போட ஓலை எதற்கு, பெட்டி எதற்கு? அரசரின் படத்துக்கு முன்னால் நடந்து போகட்டும், சிரித்தால் சம்மதம். அந்தத் தேர்தலில் இன்முக வர்மருக்கு நூற்றுக்கு நூறு விழுந்தது. சிலர் வலி தாங்காமல் கண்ணீர் விட்டபடி கடந்து போனார்கள். அது ஆனந்தக் கண்ணீர் என்று பதிவாயிற்று.

பாறைக்கு முன்னால் இருந்த வரிசை ஓடையைத் தாண்டிப் போனது.

நாற்காலி ஆணை வந்த பதினோராம் ஆண்டில் தணிகாசலத்துக்கே கடைவாய்ப்பல் வலித்தது. மருந்து வைத்துப் பார்த்தார். கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது. அவருக்குக் கீழே முப்பது வைத்தியர்கள் இருந்தார்கள். தன்னைவிடக் கைதேர்ந்த ஒருவரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து அவரே பொறுக்கியெடுத்த முப்பது பேர். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துவிட்டு, தலையோடு கன்னத்தைச் சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு வாடகை வண்டியில் உவர்மலைக்குப் புறப்பட்டார்.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒரு சுண்ணாம்புக் காளவாய்க்காரப் பெண் நின்றிருந்தாள். "பயப்படாதீங்கண்ணா. அந்தம்மா கை பட்டதே தெரியாது" என்றாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் முறை வந்தது. மருக்கொழுந்து துண்டைக்கூட அவிழ்க்கச் சொல்லவில்லை. வாயைத் திறந்து பார்த்ததுமே, "அட, தணிகாசலமா?" என்றாள். "இந்தப் பல்லுக்கு வேர் வளைஞ்சிருக்கும், பத்திரம்னு காலேஜ்லயே சொன்னேனே."

சீழை எடுத்தாள். வளைந்த வேருக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பொறுமையாகச் சுத்தம் செய்தாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

உண்மையாகவே வலிக்கவில்லை. அவரால் தாங்க முடியாதது அதுதான். கண்ணில் நீர் கோத்தது.

வேலை முடிந்ததும் கேட்டுவிட்டார். "என்மேல் உனக்குக் கோபமே இல்லையா?"

"எதுக்கு?"

"நாற்காலி ஆணை, சிப்பி... எல்லாம் நான் கொண்டுவந்தது. உன்னால்தான் கொண்டுவந்தேன்."

அவள் கருவிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா? மந்திரிங்க வேலைன்னுல்ல நெனைச்சேன்."

"இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னைப் பற்றி நினைத்ததில்லையா?"

"விடிஞ்சா பொழுது சாயற வரைக்கும் வாய் பாக்குறேன். இதுல உங்களை எப்ப நெனைக்கிறது?" கையைக் கழுவினாள். "எட்டு நாளைக்கு அந்தப் பக்கம் மெல்லாதீங்க. எந்திரிங்க, அடுத்த ஆளு நிக்குது."

திரும்பும் வழியெல்லாம் தணிகாசலத்தின் மனதில் அந்தப் பதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருத்திக்காக ஒரு நாட்டின் வாயையே கெடுத்தாயிற்று. அவளுக்கோ அது தெரியவே தெரியாது. கோட்டை வாசலை நெருங்கும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அரசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. வண்டிகளை மறுபடி ஓடவிடுவது.

சபையில் அரசர் அவரை உற்றுப் பார்த்தார். "வீக்கம் அடியோடு வடிந்துவிட்டதே! யார் பார்த்தது?"

பெயர் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொன்னதும் அரசர் எப்படிச் சிரிப்பார், எந்தச் சொல்லைச் சொல்லுவார் என்பது கண்முன் வந்தது.

"நானேதான் பார்த்துக்கொண்டேன், பிரபு."

அரசர் அரியணையிலிருந்து எழுந்துவிட்டார். "தன் பல்லைத் தானே!"

"ஒருவரால் முடிந்தால் எல்லோராலும் முடியும், பிரபு" என்றார் பேரானந்தர். "இத்தனை வைத்தியர்கள் எதற்கு? ஒரு துறை எதற்கு?"

"இல்லை, அது எல்லோராலும்..." என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

"என்ன ஓர் அடக்கம்!" என்றார் பேரானந்தர்.

'தன் பல் தன் கையில்' திட்டம் எட்டாம் நாள் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு குறடு, ஒரு கைக்கண்ணாடி. கண்ணாடியின் பின்புறம் அரசரின் படம். கோட்டை மைதானத்தில் மக்கள் திரண்டிருந்தார்கள். செய்முறை விளக்கம் தருபவர் தணிகாசலம் என்று பேரானந்தர் அறிவித்தார்.

எந்தப் பல் என்று தணிகாசலம் கண்ணாலேயே கேட்டார்.

"வீங்கியிருந்த பல்லே இருக்கட்டும்" என்றார் அரசர். "அப்போதுதான் மக்களுக்கு நம்பிக்கை வரும்."

இடது கையில் கண்ணாடி, வலது கையில் குறடு. முதல் இழுப்பில் பல் அசையவில்லை. இரண்டாவதிலும் அசையவில்லை. அவள் அவ்வளவு நன்றாகச் சரிசெய்திருந்தாள். மூன்றாவது இழுப்பில், வளைந்த வேர் எலும்பைக் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வந்தது. இரத்தம் சட்டையில் வழிந்தது. காவலர்கள் பஞ்சை அள்ளி அவர் வாய் நிறையத் திணித்தார்கள்.

"வலித்ததா?" என்று அரசர் கேட்டார்.

தணிகாசலம் இல்லையென்று தலையாட்டினார்.

முறுவல் நாட்டில் இன்றோடு பல்வலி ஒழிந்தது, பல் வைத்தியத் துறை கலைக்கப்படுகிறது என்று முரசு அறைந்தார்கள். மக்கள் வரிசையாக மேடைக்கு வந்து குறடுகளை வாங்கிக்கொண்டார்கள். ஒரு கல்லுடைப்பவர் தன் குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல இரும்பு. அந்தம்மாகிட்ட குடுத்தா உதவும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அவர் உவர்மலைக்குப் போகும் கிழக்கு வாசலைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் பத்துப் பேர், அப்புறம் நூறு பேர், அப்புறம் மைதானமே எழுந்து நடந்தது.

தணிகாசலம் பார்த்துக்கொண்டு நின்றார். தன் வாழ்நாளில் தன்னை நோக்கி அப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை என்ற எண்ணம் அந்த வலியிலும் அவருக்குள் எழுந்தது.

"எல்லோரும் எங்கே போகிறார்கள்?" என்று அரசர் கேட்டார்.

அந்த மேடையில் விடை தெரிந்தவர் தணிகாசலம் ஒருவர்தான். சொல்லிவிடவும் அன்று அவர் தயாராக இருந்தார். வாய் நிறையப் பஞ்சு.

"தங்கள் புகழை எட்டுத் திக்கும் பரப்பப் போகிறார்கள், பிரபு" என்றார் பேரானந்தர்.

அரசர் மலர்ந்த முகத்தோடு மேடையின் விளிம்புக்கு வந்து, கூட்டத்தின் முதுகைப் பார்த்து நெடுநேரம் கையசைத்தார்.