முதல் கூட்டம் அமோக வெற்றி

அண்மைக் காலத்தில் வீட்டுக்கு வீடு பெருகிவரும் ஒரு வகை மனிதரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். இணையத்தில் முதன்முறையாகக் கூட்டம் நடத்தி வெற்றி காணப் புறப்பட்டவர் அவர். பார்த்திருப்பீர்களே? திரையில் நெற்றி மட்டும் தெரிகிறது என்று மடிக்கணினியை மாவு டப்பாவின் மேல் ஏற்றி, பின்னால் புத்தக அலமாரி தெரிய வேண்டும் என்பதற்காக மனைவியின் தையல் மெஷினைக் குளியலறை வாசலுக்கு நகர்த்தி, "யாரும் குக்கர் வைக்கக் கூடாது" என்று வீட்டில் ஊரடங்கு போட்டவர்.

எங்கள் அச்சகப் பிரிவுத் தலைவர் அந்த ரகம். முதலாளி பொறுப்பை ஒப்படைத்ததிலிருந்து மனிதருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. முந்தின நாள் மச்சானை அடுத்த அறையில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாராம். மச்சானே சொன்னது.

"மச்சான், நான் பேசுறது கேக்குதா?"

"சுவர் வழியாவே கேக்குது மாமா."

வெற்றிகரமான கூட்டம் என்றால் என்ன? பேச வந்த விஷயம் முடிவாவது என்பீர்கள். சுத்த வெகுளி ஐயா நீங்கள்! பத்து மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிய வேண்டும், எல்லோரும் முகம் காட்ட வேண்டும், ஒருவரும் குறுக்கே பேசக் கூடாது, கடைசியில் எல்லோரும் சிரிக்கிற படம் முதலாளிக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

வரவேற்பும், வரவேற்புக்கு நன்றியும் முடியவே பத்து இருபது ஆகிவிட்டது. அப்போது மெய்ப்புப் பார்க்கும் அம்மாள் கை தூக்கினார். பத்தரைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் பரீட்சை வினாத்தாள் மெஷினில் ஏறுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே விடையும் சேர்ந்தே வந்திருப்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார். 'சரி' என்று கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அச்சானால் வேலை போய்விடும். மெஷினை நிறுத்தச் சொல்லும் அதிகாரமோ தலைவர் ஒருவருக்குத்தான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

"சார், அந்த வினாத்தாள்ல..."

"அது மூணாவது அயிட்டம்மா. இப்ப மொதல் அயிட்டம் ஓடுது."

"அதுக்குள்ள அச்சாயிடும் சார்!"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சொல்லிவிட்டு அம்மாளின் குரலை அடைத்தார். அந்தப் பொத்தானை ஒத்திகையில் நன்றாகப் பழகியிருந்தார்.

"உடனே நிறுத்தணும் சார்" என்று அம்மாள் எழுதி அனுப்பினார். தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டார். அம்மாள் போன் போட்டுப் பார்த்தார். கூட்ட ஒழுங்கு கருதித் தலைவர் தன் போனை அணைத்து மேசைக்குள் வைத்திருந்தார். மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்றா கேட்கிறீர்கள்? திரையில் அவரவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதல் அயிட்டம், கூட்டத்துக்கு நேரத்தோடு வருவது. இரண்டாவது, சுருக்கமாகப் பேசுவது. இதை மட்டும் தலைவர் இருபத்தைந்து நிமிடம் விளக்கினார்.

பத்து ஐம்பத்தைந்துக்கு அம்மாளின் குரலைத் திறந்துவிட்டார்.

"இப்ப சொல்லுங்கம்மா, தாராளமா."

"எல்லாம் அச்சாயிடுச்சு சார். விடையோட."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப மூணாவது அயிட்டமும் முடிஞ்சுது! அதுவும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே! எங்க, எல்லாரும் கேமராவப் பாத்துச் சிரிங்க. அம்மா, நீங்களும்தான்."

அம்மாள் சிரித்தார். படம் போனது. 'பிரமாதம்' என்று முதலாளி பதில் போட்டார். அடுத்த வாரக் கூட்டத்தில் ஒரு முகம் குறைந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். உங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பேச இடமுண்டு. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். போன தடவை ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரி, பரவால்ல சார், அப்புறம் சொல்றேன்" என்று நிறுத்திக்கொண்டாரே, அவர் என்ன சொல்ல வந்தார்?