சித்தப்பாவின் காட்டைக் கூட்டிப் பெருக்கிய கதை

சுத்தம் செய்து ஒரு மனுஷனின் வாழ்க்கையைக் கெடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அடித்துச் சொல்வேன். நான் கெடுத்திருக்கிறேன். அதுவும் வீட்டைச் சுத்தம் செய்து அல்ல, காட்டைச் சுத்தம் செய்து. (காட்டை யாராவது கூட்டுவார்களா என்று கேட்காதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே என் புருஷன் என்னைக் கொன்றுவிட்டார்.)

கோலா கிளாவாங் போகிற மலைப் பாதையில் என் சித்தப்பாவுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. பெரிய தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தாத்தா வாங்கியது. அத்தனையும் பால் மரம். ரப்பர் விலை படுத்த பிறகு சித்தப்பா பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார். நிறுத்திவிட்டு வேறு எதையும் நடவில்லை, சும்மா இருந்தார். அவர் சும்மா இருக்க இருக்க, பக்கத்து மலையிலிருந்து காடு இறங்கி வந்தது. பால் மரங்களுக்கு நடுவே என்னென்னவோ மரங்கள், பிரம்புக்கொடி, பெரணி, ஓடைக்கரை முழுக்கக் காட்டு இஞ்சி. சருகுமான் வந்தது. இருவாச்சி வந்தது. சித்தி இறந்துபோன பிறகு சித்தப்பா நிலத்து ஓரத்தில் ஒரு பலகை வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தான் கண்ணை மூடும் வரை அந்தக் காடு அப்படியே இருக்க வேண்டும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? யாருக்கும் இல்லை. ஆனால் கிரான் என்கிற நிலப் பத்திரத்தில் 'ரப்பர் மட்டும்' என்று எழுதியிருக்கிறதே! அந்தக் கணக்கில் அது காடு இல்லை, கவனிக்காமல் போட்டுவைத்த நிலம். பயிர் செய், இல்லாவிட்டால் நிலம் கையைவிட்டுப் போகலாம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. சித்தப்பா மாதிரியே மாட்டிக்கொண்ட சிலர் சேர்ந்து தனியார் காட்டு நில உரிமையாளர் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கூட்டம் நடக்கும். தலைவர் நாதன் சார், ஓய்வு பெற்ற வாத்தியார். ஒவ்வொரு கூட்டத்திலும், “காட்ட வெட்டாதேன்னு ரேடியோவுல சொல்றான். வெட்டாதவனுக்கு நோட்டீஸ் அனுப்புறான். என்னா நியாயம்லா இது?” என்று மேசையைத் தட்டுவார். கிளாஸிலிருந்து தே தாரேக் டீ சிந்தும்.

செயலாளர் நான். எனக்கு நிலமும் இல்லை, காட்டைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. என் வீட்டில் பிரிண்டர் இருந்தது. அந்த ஒரு தகுதியில் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் கடிதம் எழுதுவதில் நான் கெட்டி. 'இயற்கையாக அடர்ந்து வளர்ந்த கானகம்', 'அடித்தாவரங்களின் செழுமை' என்றெல்லாம் மலாயில் பின்னி எடுத்தேன். (அடித்தாவரம் என்றால் என்னவென்று நான் யோசித்ததே இல்லை. பார்த்த இடத்தில் நன்றாக இருந்தது, எடுத்துப் போட்டேன்.) கடைசியில் அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பார்த்து, இது காடுதான் என்று எழுதிக் கொடுத்தால் பத்திரத்தின் நிபந்தனையை மாற்ற வழி பிறக்கும். முதலில் பார்க்கப் போவது சித்தப்பாவின் நிலம். அது தேறினால் மற்றவர்களுக்கும் தேறும்.

அந்த நேரம் பார்த்து சித்தப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மம்பாவில் மகள் மலர் வீட்டில் கட்டோடு படுத்திருந்தார். நான் போன் செய்தேன்.

“சித்தப்பா, வியாழக்கிழம ஆபீசருங்க வர்றாங்க. நீங்க கவலப்படாதீங்க, நா எல்லாத்தயும் பாத்துக்குறேன்.”

“பாத்துக்கறதுக்கு என்னம்மா இருக்கு? வருவாங்க, உள்ள நடப்பாங்க, போயிருவாங்க. நீ ஒன்னும் செய்ய வேணாம்.”

“அது எப்படி சித்தப்பா, சும்மா விட முடியுமா?”

“ஒன்னுமே வேணாம் ஆயி. சொன்னா கேளு.”

இங்கேதான் என் புத்தி கோணிற்று. எங்கள் குடும்பத்தில் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமே கிடையாது. சாப்பாடு வேண்டாம் என்பவருக்குத் தட்டு போடுவோம், பிறந்தநாள் வேண்டாம் என்பவருக்குக் கேக் வாங்குவோம். சித்தப்பா பாவம், கூச்சப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளே புருஷன் குணாவுடன் போய் நிலத்தைப் பார்த்தேன். அதுவரை கேட்டைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை, அட்டை என்றால் அவ்வளவு பயம். குணா எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ளயா அவங்கள கூட்டிட்டுப் போவப் போற? ஒரு பாம்பு வந்துச்சு, கத முடிஞ்சுது.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா புல்லு வேலை பார்த்தவர். பெரிய தொரை வருகிறார் என்று வேலையை மேய்க்கிற மண்டோர் சத்தம் கொடுத்தால் போதும், லயத்து வாசல் கூட்டி, கால்வாய் வாரி, ஆபீஸ் வழி மரத்துக்கெல்லாம் இடுப்பளவு சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். அதிகாரி வருகிற இடத்தில் ஒரு சருகு கிடந்தால் அது நமக்குத்தான் அவமானம். அந்த ரத்தம் எனக்குள் பொங்கி எழுந்துவிட்டது.

கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் திடல் வெட்டிக் கொடுக்கிற முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டேன். ஆட்களும் புல் மெஷினும் பாராங்கத்தியுமாக லாரியில் வந்து இறங்கினார்.

“எவ்ளோ வெட்டணும் தங்கச்சி?”

“எல்லாத்தயும்ணே. பெரிய மரம் மட்டும் நிக்கட்டும்.”

“சின்னக் கன்னுங்க நெறைய இருக்கே, நல்லா வந்துருக்கு.”

“அதுதான்ணே குப்ப!”

நான் சொன்ன வார்த்தை இது. எழுதும்போதே கை கூசுகிறது.

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. பிரம்பு, பெரணி, காட்டு இஞ்சி ஒன்று விடவில்லை. ஓடைத் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு. வெட்டிய குப்பையை மூன்று இடத்தில் குவித்துத் தீ வைத்தோம். கடைசியாக நானே விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டினேன். நடுவில் ஒரு கூடாரம், நாற்காலி, நாசி லெமாக் சோறு, சிராப் தண்ணீர், 'செலாமாட் டாத்தாங்' என்று வரவேற்புப் பதாகை. திரும்பிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. சித்தப்பா இதைப் பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று குணாவிடம் வேறு சொன்னேன்.

வியாழக்கிழமை நாதன் சார் வழிகாட்ட, நான்கு அதிகாரிகள் வந்தார்கள். முழங்கால் வரை அட்டைப்பூச்சி ஏறாத உறை, பெரிய பூட்ஸ், முதுகில் பை. தலைமை அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, மரியாதையாகப் புவான் என்று கூப்பிட்டோம். கூடாரத்தைப் பார்த்தார். சுண்ணாம்பைப் பார்த்தார். இன்னும் புகைந்துகொண்டிருந்த குவியலைப் பார்த்தார்.

“மானா ஹூத்தான்?” என்றார். காடு எங்கே?

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “இதுதான் புவான்!” என்றேன்.

அவர் நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து, உள்ளே தள்ளி இருக்கும் போல என்று நடந்தார். கடைசி வரை நடந்து பக்கத்து நிலத்து வேலியில் முட்டிக்கொண்டு திரும்பி வந்தார். கூட வந்த அதிகாரி ஒருவர் மரச்சட்டம் ஒன்றைத் தரையில் போட்டு, அதற்குள் எத்தனை இளங்கன்றுகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். போட்டார். குனிந்து பார்த்தார். சட்டத்துக்குள் என் விளக்குமாற்றுக் கோடுகள் அழகாக வரிவரியாக இருந்தன.

“கோசோங்,” என்றார். ஒன்றுமில்லை. வேறு இடத்தில் போட்டார். அங்கேயும் கோசோங். ஓடைக்கரையிலும் கோசோங். ஒவ்வொரு கோசோங்குக்கும் நாதன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குப்பை என்று வெட்டி எரித்ததுதான் அடித்தாவரம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நேரத்தில் மலரின் கார் வந்து நின்றது. சித்தப்பா கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். கட்டுப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கேட்டருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மலரு, எங்க கூட்டிட்டு வந்துருக்க? நம்ம எடத்துக்குப் போம்மா.”

சித்தப்பா என்னைப் பார்த்தார், பிறகு பலகை வீட்டைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தக் கண்ணத் தொறக்காமலே இருந்திருக்கலாம் ஆயி,” என்றார். திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புவான் நல்ல மனுஷி. இல்லாததை இருக்கிறது என்று எழுத முடியாது, அப்படியே விட்டுவையுங்கள், வளர்ந்த பிறகு மறுபடியும் மனு போடுங்கள் என்றார். எத்தனை வருஷம் ஆகும் என்று சித்தப்பா கேட்டார். பத்து வருஷமாவது ஆகும் என்றார் புவான். எழுபத்தாறு வயது மனுஷன் தலையை ஆட்டி, “தெரிமா காசே புவான்,” என்று நன்றி சொல்லி, அவர் கையில் ஒரு கிளாஸ் சிராப் எடுத்துக் கொடுத்தார். நான் காருக்குள் போய் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சில வாரம் கழித்து நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பார்த்தார்கள், மனம் குளிர்ந்துவிட்டார்கள். நிலம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, நோட்டீஸ் ரத்து! ஒரே நிபந்தனை, இனிமேலும் இப்படியே இருக்க வேண்டும், ரப்பர் நட வேண்டும். காடாக இருந்தபோது பிடுங்கப் பார்த்த நிலத்தை, காட்டை அழித்ததும் கையில் கொடுத்துக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர்கள் எனக்குப் போன் செய்து வாழ்த்தினார்கள். நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேனாம்! சங்கத்தில் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். (பிரிண்ட் எடுக்க மட்டும் இன்னும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.)

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனியாண்டி அண்ணன் போய் அங்கே புல் வெட்டுகிறார். ரப்பர் கன்றுகள் வரிசையாக நிற்கின்றன. சித்தப்பா மம்பாவில் மலர் வீட்டோடு வந்துவிட்டார். நிலத்துக்குப் போய் என்னத்தைப் பார்ப்பது என்கிறார். நான் மலர் வீட்டு வாசலில் கால் வைத்தாலே பிள்ளைகள், “பெரியம்மா வர்றாங்க, வெளக்குமாத்த ஒளிச்சு வைங்க!” என்று கத்துவார்கள். யார் வீட்டு விசேஷத்திலும் இந்தக் கதையைச் சொல்லாமல் சோறு இறங்காது. நானும் சிரித்துப் பழகிவிட்டேன்.

போன தீபாவளிக்கு மலர் அடுப்படியில் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். சும்மா நிற்கிறோமே என்று வாசலைக் கூட்ட ஆரம்பித்தேன். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“ஆயி, அந்த சிமெண்டு வெடிப்புல ஏதோ ஒரு செடி மொளச்சிருக்கு. அத மட்டும் விட்டுரும்மா.”

குணா விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளேயிருந்து மலர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சித்தப்பா சிரிக்கவில்லை. நான் விளக்குமாற்றைக் கீழே வைக்கிற வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.