கொப்பரைக் களத்தில் காய்ந்த ஆன்டிபாடி

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்தை நம்பி எந்த விஞ்ஞானமும் வளர்ந்ததில்லை. எங்கள் ஊர் எருத்தேன்பதியின் காற்றுக்கு அது தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, தென்னந்தோப்புக்குள் நுழைந்து, நேராகக் கண்ணிமை மேல் உட்கார்ந்துகொள்ளும்.

நான் அப்போது பாலக்காட்டில் ஆராய்ச்சி மாணவி. உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் விடும் லெப்டின் என்ற புரதம்தான் என் பாடம். ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சொல்வதும், நோயெதிர்ப்புச் செல்களை உசுப்புவதும் அதன் வேலை. (முதல் வேலையை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது செய்ததாகத் தெரியவில்லை.) அதைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற இன்னொரு புரதத்தோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்திருப்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் லெப்டின் இருக்கும் இடமெல்லாம் பச்சையாக மின்னும். ஒரே நிபந்தனை, குளிரிலும் இருட்டிலும் வைக்க வேண்டும். வெயில் பட்டால் சாயம் செத்துவிடும்.

எங்கள் ஆய்வகத்தில் தீர்ந்துபோய், கோவையில் இன்னோர் ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கிய குப்பி அது. வெள்ளித்தாள் சுற்றி, ஐஸ் போட்ட தெர்மாக்கோல் பெட்டியில் கொண்டுவந்தேன். வழியில்தானே வீடு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். அம்மா கொள்ளுப்பருப்பு கடைந்திருந்தார். பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக் கட்டிலில் சாய்ந்ததுதான் தெரியும். கனவில் கரிய வானம். பச்சை விண்மீன்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. நடுவே மிதந்தபடி நான் நன்றியுரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது பெட்டி திறந்து கிடந்தது.

“அப்பா, இதுக்குள்ள ஒரு குப்பி இருந்துச்சுங்களே?”

“ஆமா கண்ணு, பொட்டி ஒழுகீட்டுக் கெடந்துச்சு. உள்ள பாத்தா அது நனைஞ்சு போயிருக்குது. ஈரம் பட்டாப் பூசணம் புடிச்சுக்குமல்லோ? தாளப் பிரிச்சுத் தொடச்சு, கொப்பரையோட களத்துல காயப் போட்டிருக்கறேன்.”

ஓடினேன். களம் முழுக்க வெள்ளை வெளேரென்று தேங்காய் மூடிகள். அவற்றின் மேல் அசையாத வெயில். சுண்டுவிரல் அளவுக் குப்பியை மூவரும் மண்டியிட்டுத் தேடினோம். அம்மாதான் எடுத்தார்.

“ஏனுங்க, இதுக்குள்ள ஒண்ணையுமே காணமுங்க. இதுக்கா இந்தப் பாடு?”

அடியில் இருந்த சொட்டுத் திரவம் ரசம் போலச் சுட்டது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது? மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தேன். கும்மிருட்டு. என் வழிகாட்டி மலையாளி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அதையும் கொப்பரையாக்கியாச்சு, அல்லே?” என்றார். புதுக் குப்பி வரும்வரை என்னோடு அவர் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

புதியது மின்னிய அன்று அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். இருட்டறையில் கண்ணை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை.

“இத்தன அழகையா கண்ணு நான் வெயில்ல போட்டேன்?” என்றார் மெல்ல.

அதோடு விட்டிருக்கலாம். அன்றிலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுபோகும் எதையும், மாத்திரையைக்கூட, அப்பா வெளிச்சத்தில் வைப்பதில்லை. இன்றைக்கும் என் கணவர் தலைவலி மாத்திரை கேட்டால், “சித்த இருங்க மாப்ள, ஆன்டிபாடி எடுத்தாறேன்” என்று அம்மா அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் துழாவுகிறார்.