மாதாவின் ஆணியில் தொங்கிய வயர்

விடாமுயற்சி நல்ல குணம்தான். ஆனால் எந்தப் பக்கம் முயல்கிறோம் என்று தெரியாத ஆளுக்கு அது வாய்த்தால் ஊர் தாங்காது. எனக்கு அது பிறவியிலேயே வாய்த்திருக்கிறது. (அம்மா இதைப் பிடிவாதம் என்பார். அவருக்குக் கணினித்துறை விளங்காது.)

வங்காலையிலிருந்து பஸ் ஏறி மன்னாரில் ஒரு நண்டு ஏற்றுமதிக் கந்தோருக்குக் கணினி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் வேலை. அங்கே ஒரு பெரிய கணினிக்குள்தான் எல்லாமே குடியிருந்தன: கணக்குப் பார்க்க, கணினிக்குள் கணினியாக ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரம், நண்டுப் பெட்டிகளுக்கு லேபல் அடிக்க இன்னொன்று. அத்தனைக்கும் வாசல் ஒரேயொரு நெட்வேர்க் வயர். அது கழன்றால் கந்தோரே படுத்துவிடும். ஆளுக்கொரு வயரோடு இரண்டு நெட்வேர்க் கார்ட்டுகளைப் பூட்டி ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால், ஒரு வயர் போனாலும் மற்றது இழுக்கும் என்று முகாமையாளர் அமலன் அண்ணையிடம் சொன்னேன்.

"கொழும்பால ஆளைக் கூப்பிடுவமோ, பிள்ளை?"

"தேவையில்லை அண்ணை. நான் செய்வன்."

"மூண்டு மணிக்கு லொறி வெளிக்கிடோணும். லேபல் இல்லாட்டி ஒரு பெட்டியும் ஏத்தேலாது. நண்டு பழுதாப் போனா இனி எங்களிட்ட ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

"மத்தியானத்துக்குள்ள முடிப்பன்."

முடித்தும் விட்டேன். மிச்சம் சோதனைதான். முதல் வயரைக் கழற்றிப் பார்த்து, திரும்பக் கொழுவிவிட்டு, இரண்டாவதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முதலாவதைக் கழற்றினேன். எல்லாம் ஓடியது. அந்த நேரம் பார்த்துக் கோயில் மணி அடித்தது.

பன்னிரண்டு மணிக்கு அந்த மணி அடித்தால், எங்கள் கந்தோரில் யார் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு எழும்பி நின்று மூவேளைச் செபம் சொல்வார்கள். கையில் வயரோடு சிலுவை போடலாமா? சுவரில் இருந்த மாதா படத்தின் ஆணியில் அதைக் கொழுவிவிட்டுக் கைகூப்பினேன். உண்மையான பக்தியோடுதான் செபித்தேன். ஆமென் சொல்லி முடித்தபோது வயரை மறந்துபோயிருந்தேன்.

பிறகு இரண்டாவதைக் கழற்றினேன். எல்லாம் படுத்துவிட்டன.

புத்தியுள்ளவள் முதலாவது வயர் எங்கே என்று தேடியிருப்பாள். நான், முதலாவது கார்ட் பழுது என்று தீர்ப்பு எழுதினேன். இரண்டாவது வயரைத் திரும்பக் கொழுவித் தப்புவது தோல்வி என்று பட்டது. உன்னைத் திருத்தாமல் விடமாட்டேன் என்று அதனிடமே சொன்னேன். சேர்த்துக் கட்டியதைப் பிரித்தேன். எல்லா இயந்திரங்களையும் அந்த முதல் கார்ட்டின் தலையிலேயே ஏற்றினேன். கணினியை நிறுத்தித் தொடக்கினேன், மறுபடியும் நிறுத்தித் தொடக்கினேன். அதன் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருட்டாக இருந்தது; வயர்களைக் கைவிட்டுத் தடவித்தான் கழற்றியிருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை. (குனிந்து பார்ப்பது பொறியியலாளருக்கு அழகில்லை என்றும் ஒரு எண்ணம்.)

லேபல் அடிக்கிற றீற்றா அக்கா பிறிண்டருக்கு முன்னால் சும்மா இருந்தார். வெளியே லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். ஐஸ் உருகிய தண்ணீர் வாசல்படிவரை வந்துவிட்டது. அமலன் அண்ணை என்னை ஏசவில்லை. கொழும்புக்குக் கதைக்க போனைக் கையில் எடுத்தார். ஆனாலும் நான் விடவில்லை, கார்ட்டையே கழற்றித் துடைப்போம் என்று ஸ்குரூ டிரைவர் தேடினேன்.

"இனி மாதாதான் காப்பாத்தோணும்" என்று றீற்றா அக்கா மெழுகுதிரியோடு படத்தடிக்குப் போனார். போனவர் திரியைக் கொளுத்தாமல் நின்றார்.

"பிள்ளை, மாதாவுக்கு ஏன் வயர் கொழுவிக் கிடக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயரை எடுத்துக் கணினியில் கொழுவினேன். பிறிண்டர் உறுமியது. லொறி பிந்தித்தான் போனது, ஆனாலும் நண்டு தப்பியது. நான் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு கார்ட்டையும் திரும்பச் சேர்த்துக் கட்டி, இரண்டு வயரையும் ஒழுங்காகச் சோதித்துவிட்டுத்தான் எழும்பினேன். அமலன் அண்ணை போனைப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"நல்லது பிள்ளை. நாளைக்கு மணி அடிக்கேக்க ஒண்டையும் தொடாத."

றீற்றா அக்காவும் வங்காலைதான். எனக்கு முந்திய பஸ்ஸில் கதை வீட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு லீவு நாளில் மத்தியான மணி அடித்தால், அம்மா சிலுவை போடுவதற்கு முன் "மெற்றில்டா, கையைக் காட்டு" என்பார்.

என் கலியாணத்தில், வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கும்படி பூசை வைத்த சுவாமி சொன்னார். பின்னால் நின்ற தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, மற்ற வயரும் கொழுவியிருக்கோ எண்டு பார்."

பீடத்தடியில் நான் வாயைப் பிளந்து சிரிக்கிற படம்தான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அந்த ஆணியில் வேறு எதையும் கொழுவ என் கணவர் என்னை விடுவதில்லை.