பல் டாக்டர் பேசாமல் இருந்த இடம்

பல் டாக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஊரார் பல்லையெல்லாம் அடைத்தாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரமாவது மனைவியின் வாயை அடைத்தே தீருவது!

ஒரு வாரமாக ஒரே நச்சரிப்பு. அவளுடைய பாட்டுக் குழுவுக்குப் பயிற்சி செய்ய இடமில்லையாம். வீட்டு ஹால் வேண்டுமாம். பன்னிரண்டு பெண்கள், ஒரு டிரம். டாக்டர் "அது வந்து..." என்று இழுப்பதற்குள் அவள் திரைச்சீலை நிறம் வரைக்கும் போய்விடுவாள்.

அப்போதுதான் அந்தப் பழைய மரத்தோட்டம் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் மடாலயத்துத் துறவிகள் மூலிகைக்காகப் போட்ட தோட்டம். துறவிகள் போய்விட்டார்கள். அவர்கள் வைத்த விதி மட்டும் போகவில்லை: உள்வட்டத்தில் யாரும் பேசக் கூடாது.

"ரெண்டு பேரும் மரம் பாக்கப் போலாமா?"

"நீங்களா கூப்பிடறீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

போனார்கள். அண்ணாந்தால் கழுத்து சுளுக்கும் உயரம். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். காவலாளி உதட்டில் விரலை வைத்தபடி நின்றார். மனைவி மூச்சு விடவில்லை. டாக்டருக்குச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் போட்ட மாதிரி ஒரு சுகம். அப்பாடா!

பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடினார். காதோரம் காற்று மாதிரி ஒரு குரல்.

"ஹால்லயே வெச்சுக்கறோம். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

டாக்டருக்கு ரகசியம் பேச வராது. டிரில் மெஷினுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. "வேண்..." என்றதற்கே புறாக்கள் பறந்தன. காவலாளி ஓடி வந்து முறைத்தார். மிச்ச "டாம்" தொண்டையிலேயே தங்கிவிட்டது. தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். மனைவி நிமிர்ந்தால்தானே? போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே கால் வைத்ததும் வெடித்தார். "வேண்டாம்!"

"லேட்டுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையேன்னு எல்லாருக்கும் சரின்னு அனுப்பிட்டேன். இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், நாள் பூரா."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த நிழல். அந்த பெஞ்சு. காவலாளியின் தங்கமான விரல். மனசு பஞ்சாகிவிட்டது. தப்பித்தோம்!

"அப்படின்னா ஞாயித்துக்கிழமையானா நான் வீட்டுலயே இருக்க மாட்டேன். இங்க வந்து உக்காந்துடுவேன். ஆமா!" என்றார் மிடுக்காக.

மனைவி கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை நீட்டினாள்.

"நீங்க வண்டியை நிறுத்தப் போனப்பவே வாங்கிட்டேன்."

தோட்டத்துக்கு வருஷ பாஸ். ஒரு ஆளுக்கு மட்டும்.