சோப்புக்காரருக்கு ஒரு தானம்

நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பொய் சொன்னால் நாக்கில் சோப்புத் தேய்ப்பார்கள். ஆகவே நான் பொய் சொல்வதில்லை. அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளருக்கே கட்டிவைத்தார்கள்.

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று, கிருமி. இன்னொன்று, என் தம்பி. அவன் செடி வளர்த்து விற்கிறவன். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கையாலேயே எங்கள் வீட்டு ஆப்பிள் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான்.

"இனிமே அந்த மண்புழு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது!"

அவன் உட்கார்ந்த நாற்காலியைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவினார். வார்னிஷ் போயிற்று. தம்பியும் போனான்.

இவருடைய மேசை இழுப்பறை நிறைய ஆன்டிபயாட்டிக் மாத்திரை. தும்மினால் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இரண்டு.

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"டாக்டருக்கு என்ன தெரியும்? இருபத்திரண்டு வருஷமா கிருமியோட மல்லுக்கட்டறவன் நான்!"

இந்த வருஷம் வயிறு பழி வாங்கியது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. மருந்து கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் திரும்ப வரும். பன்னிரண்டு கிலோ கரைந்துவிட்டார். அவர் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போடுவதே எனக்கு வேலை. நாலாவது ஓட்டையும் போட வேண்டி வந்தது. எனக்கு அழ வராது. பெல்ட்டைத் திட்டினேன்.

டாக்டரம்மா இவரை உட்காரவைத்துக் கேட்டார். "கடைத் தட்டு முழுக்க உங்க சோப்பு இருந்தா, போலிச் சரக்கை எங்க வைப்பான்?"

"இடமே கிடைக்காது மேடம்."

"குடலும் அப்படித்தான். நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இடத்தைப் பிடிச்சு, இருக்கிற தீனியையும் தின்னு, கெட்டதை அண்டவிடாம வச்சிருக்கும். நீங்க மாத்திரை போட்டுத் தட்டையே காலி பண்ணிட்டீங்க. போலி வந்து குந்திக்கிச்சு."

வழி ஒன்றுதான். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து, இவர் குடலுக்குள் குழாய் வழியாக விட வேண்டும்.

சோப்புக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"யாரோடதுன்னு மட்டும் எனக்குத் தெரியவே கூடாது!" என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

நானே கொடுத்திருப்பேன். போன மாதம் தலைவலி என்று சொன்னதற்கு இந்த ஐயா ஊட்டிவிட்ட ஆன்டிபயாட்டிக்கால் எனக்குத் தகுதி போய்விட்டது. ஆளைத் தேடிப் பிடித்தேன். ஆனால் கட்டிலில் படுத்தபடி இவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏய், ஆள் சுத்தமானவர்தானே?"

"ரத்தம் முதற்கொண்டு எல்லாம் சோதிச்சாச்சு. டாக்டரே அசந்துட்டாங்க."

"மாத்திரை கீத்திரை?"

"பத்து வருஷமா தொட்டதில்ல."

"குடும்பம்?"

"ரொம்ப நல்ல குடும்பம். எனக்குச் சின்ன வயசுலேருந்து பழக்கம்."

ஒரு வார்த்தை பொய் இல்லை. கன்னியாஸ்திரிகள் பூரித்துப் போயிருப்பார்கள்.

சிகிச்சை முடிந்த நாலாம் நாள் காலை. ஒரே ஒரு தடவை. குளியலறையிலிருந்து விசிலடித்துக்கொண்டு வந்தார். நான் சமையலறைக்குப் போய், குழாயை வேகமாகத் திறந்துவிட்டு, ஐந்து நிமிஷம் அப்படியே நின்றேன். அன்றைக்கு வெங்காயம்கூட நறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பியது. இழுப்பறையும் காலி. மனுஷருக்கு நன்றி பொங்க ஆரம்பித்தது.

"அந்த மகானை நான் பார்த்தே ஆகணும்!"

"தெரியவே கூடாதுன்னீங்களே?"

"அது அப்போ. இப்போ வாசல்லயே நின்னு கையெடுத்துக் கும்பிட்டு, உள்ள கூட்டிட்டு வந்து என் நாற்காலியில உட்கார வைப்பேன்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்! என் உயிரைக் காப்பாத்தினவன்டி!"

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இஸ்திரி போட்ட சட்டையில் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். தலையைக் குனிந்து கும்பிட்டார். குனிந்த கண்ணுக்கு முதலில் தெரிந்தது ஒரு பூந்தொட்டி. அதைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் மண்.

கும்பிட்ட கை அப்படியே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ... என்கிட்ட பொய்..."

"எந்த வார்த்தை பொய்? சொல்லுங்க."

யோசித்தார். நன்றாகவே யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

என் தம்பிக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. தொட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கெல்லாம் எதுக்கு அத்தான் கும்பிட்டுக்கிட்டு? இன்னும் வேணும்னாலும் சொல்லுங்க, தரேன். தினமும் வர்றதுதானே!"